எல்லாப் பழியும் சுகர் மேலா?

“சுகர் இருந்தால் கண் போகும், காது மந்தமாகும், கிட்னி கெடும். கட்டுப்பாடாக இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.” இந்தப் பேச்சைக் கேட்காத ஆஸ்பத்திரி வராந்தா தமிழ்நாட்டில் இருக்காது. டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த பெரியப்பாவும் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார். பதினோரு வயதுப் பையனுக்குப் பார்வை மங்கினாலும் இதே தீர்ப்பு. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் காது கேட்காமல் போனாலும் இதே தீர்ப்பு. விசாரணை இல்லாத இந்தத் தீர்ப்பு தவறு என்கிறேன்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்களுக்குக் கண் கெட்டால், ஆண்டுக்கணக்கில் ஏறிக் கிடந்த சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களை அரித்திருக்கிறது என்றுதான் பொதுவாகப் பொருள். காது விஷயத்திலும் ஆதாரம் இருக்கிறது: சர்க்கரை உள்ளவர்களிடம் காது மந்தம் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2008இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. “பரம்பரையாக வரும் வகைகள் லட்சத்தில் ஒன்று. கண்டுபிடித்தாலும் மருந்து கிடையாது. சோதனைக்குப் பணம் செலவாகும். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் ஓபியில் இதற்கு நேரமும் கிடையாது. கட்டுப்பாட்டை வலியுறுத்தினால் பலர் பிழைப்பார்கள்.” இது முட்டாள்தனமான வாதம் இல்லை. பொதுச் சுகாதாரத்தில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். பெரும்பாலோருக்குப் பொருந்துவதை எல்லோர் மீதும் போர்த்துகிறார்களே, அங்கேதான் இடறுகிறது. என் மறுப்புகளை எண் போட்டே சொல்கிறேன்.

1. காலக்கணக்கு உதைக்கிறது.

சர்க்கரை கண்ணைக் கெடுக்க ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் முதல் வகைச் சர்க்கரை வந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கினால் போதும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பருவமடையும் முன்பே பார்வையைப் பறிக்கும் அளவுக்குச் சர்க்கரை விழித்திரை நோய் முற்றுவது மிக அரிது.

இப்போது வுல்ஃப்ராம் சிண்ட்ரோமைப் பாருங்கள். 1938இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வுல்ஃப்ராம், வாகனர் என்ற இரு மருத்துவர்கள், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வருக்குச் சிறுவயதுச் சர்க்கரையும் பார்வை நரம்புச் சிதைவும் சேர்ந்து இருந்ததைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு 1995இல் திமதி பேரட்டும் அவருடைய குழுவினரும் பிரிட்டன் முழுவதும் தேடி 45 நோயாளிகளைத் திரட்டி லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரை வந்த நடு வயது 6. பார்வை நரம்பு சிதைந்த நடு வயது 11. நான்கில் மூவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற இன்னொரு கோளாறு. ஐந்தில் மூவருக்குக் காது மந்தம். இரண்டும் பதின்பருவத்தில். அதற்குப் பிறகு சிறுநீர்ப்பை, அதற்கும் பிறகு மூளைத்தண்டு. இறப்பின் நடு வயது 30.

ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடையே ஐந்தே ஆண்டு. போகட்டும், ஐந்து ஆண்டில் யாரோ ஒரு குழந்தைக்கு விழித்திரை கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கண்ணுக்குள் இரத்தக் கசிவும் கொழுப்புப் படிவுகளும் தெரிய வேண்டும். வுல்ஃப்ராம் குழந்தையின் கண்ணில் அவை இருப்பதில்லை. கண்ணின் பின்புறம் நரம்பு நுழையும் வட்டம் வெளிறிக் கிடக்கும். சிவப்பு எது, பச்சை எது என்ற குழப்பம் தொடக்கத்திலேயே வரும். கெடுவது இரத்தக்குழாய் இல்லை, நரம்பு. பிரான்சில் வுல்ஃப்ராம் நோயாளிகளையும் சாதாரண முதல் வகை நோயாளிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, வுல்ஃப்ராம் தரப்பில்தான் மூன்று மாதச் சராசரி சர்க்கரை குறைவாக இருந்தது. சர்க்கரையால் வரும் நுண்குழாய்ச் சேதமும் குறைவு. அதாவது, யாருக்குச் சர்க்கரை மேலான கட்டுப்பாட்டில் இருந்ததோ அவர்களுக்குத்தான் பார்வை போயிற்று. “கட்டுப்பாடு இல்லாததால்” என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

காரணம் 1998இல் தெரிந்துவிட்டது. நான்காம் குரோமோசோமில் உள்ள டபிள்யூஎஃப்எஸ்1 என்ற மரபணு வுல்ஃப்ராமின் என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. செல்லுக்குள் புரதங்களை மடித்துச் சீராக்கும் இடத்தின் சவ்வில் அது உட்கார்ந்திருக்கிறது. அது பழுதானால் அந்த இடத்தில் நெருக்கடி மூள்கிறது. இன்சுலினை ஓயாமல் தயாரிக்கும் கணையத்து பீட்டா செல்கள் முதலில் மடிகின்றன. பார்வை நரம்பும் செவிநரம்பும் பின்தொடர்கின்றன. கணையத்தையும் கண்ணையும் காதையும் ஒரே பழுதுதான் தனித்தனியாகக் கெடுக்கிறது. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டதாலேயே மற்ற இரண்டுக்கும் அது காரணமாகிவிடாது.

2. காரியம் வந்து பல ஆண்டு கழித்தா காரணம் வரும்?

1959இல் கார்ல்-ஹென்றி ஆல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் மருத்துவர் விவரித்த நோயில் வரிசையே தலைகீழ். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே கருவிழி ஆடத் தொடங்குகிறது. வெளிச்சம் பட்டால் கண் கூசி மூடிக்கொள்கிறது. விழித்திரையின் ஒளியுணர் செல்கள் அப்போதே அழிகின்றன. பத்து வயதுக்குள் பெரும்பாலும் காது மந்தம். உடல் பருமன். இன்சுலினுக்கு உடல் இணங்க மறுத்து, பதின்பருவம் வாக்கில் சர்க்கரை வருகிறது. இடையில் இதயத் தசையும் பலவீனமாகலாம். 2002இல் இதற்கான ஏஎல்எம்எஸ்1 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பிள்ளை பதினாறு வயதில் சர்க்கரை மருத்துவரிடம் வரும்போது ஏற்கெனவே பார்வை இல்லை, காதில் மிஷின் இருக்கிறது, உடலும் கனத்திருக்கிறது. பார்ப்பவர் மனதில் உடனே கதை உருவாகிவிடும்: குண்டு, அதனால் சுகர், அதனால் கண். கண் போனது எந்த வயதில் என்று தாயிடம் ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கதை அங்கேயே உடைந்துவிடும். கேட்பதில்லை. பிள்ளையின் எடைக்கு வீட்டாரைத் திட்டி அனுப்புகிறார்கள்.

3. சேதம் நடந்த இடமும் சாட்சி சொல்கிறது.

1992இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு பெரிய குடும்பத்தில், தாய் வழியாக மட்டும் இறங்கி வரும் சர்க்கரை நோயையும் காதுகேளாமையையும் ஒரே ஓர் எழுத்துப் பிழையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு 16,569 எழுத்துகள் கொண்ட தனி டிஎன்ஏ உண்டு. அதில் 3243ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ‘ஏ’க்குப் பதில் ‘ஜி’. அவ்வளவுதான். முப்பது, நாற்பது வயதில் சர்க்கரை. பெரும்பாலும் அதற்கு முன்பே காது குறையத் தொடங்கியிருக்கும். உடம்பு ஒல்லியாக இருக்கும். இரண்டாம் வகை என்று எழுதப்பட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தேகத்தில் இரண்டாம் வகைக்கான அடையாளம் எதுவும் இல்லாமல் நிற்பார்கள்.

கண்ணுக்கு வருவோம். பிரான்சில் இவர்களைப் பரிசோதித்தபோது ஐந்தில் நால்வருக்கும் மேல் விழித்திரையின் நடுப்புள்ளியைச் சுற்றி நிறமிகள் திட்டுத் திட்டாகக் கலைந்திருந்தன. இது சர்க்கரை விழித்திரை நோயே இல்லை. குழாய்கள் கசிவதற்கும் நிறமிப் படலம் கலைவதற்கும் உள்ள வித்தியாசம் கண் மருத்துவருக்கு ஒரு படத்தில் தெரியும். (நியாயமாகச் சொன்னால், இந்தக் கோளாறு பலருக்கு நெடுநாள் பார்வையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் அடையாளமாக அது விலைமதிப்பற்றது.) சிறுநீரகத்திலும் இதே கூத்து. மைட்டோகாண்ட்ரியப் பிழையே சிறுநீரகச் சல்லடையைத் தழும்பாக்கக்கூடும். சிறுநீரில் புரதம் இறங்கியதும் “சுகர் கிட்னி” என்று முத்திரை குத்திவிட்டால் அந்த விசாரணையும் முடிந்தது.

4. எது நடந்தாலும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

கட்டுப்பாட்டு வாதத்தின் உள்கட்டுமானத்தைக் கவனியுங்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால்: “பார், அதனால்தான் கண் போச்சு.” சர்க்கரை சரியாக இருந்தால்: “இப்போது சரி, முன்னால் விட்டிருப்பாய்.” முன்னாலும் சரியாக இருந்ததற்குச் சீட்டுகள் இருந்தால்: “டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டியிருப்பாய்.” மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சீட்டை நீட்டினால்: “சில பேருக்கு அப்படித்தான்.” நோயாளி எந்த வாசல் வழியே ஓடினாலும் குற்றவாளிக் கூண்டில்தான் வந்து நிற்பார். பொய்யென்று நிரூபிக்க வழியே வைக்காத ஒரு கூற்றை அறிவியல் என்று எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னாலும் அது கிசுகிசுதான்.

இதன் விளைவு வீட்டுக்குள் தெரியும். பள்ளி முடிந்து வரும் பையனின் பையைத் துழாவி மிட்டாய்க் காகிதம் தேடுகிறார்கள். கரும்பலகை தெரியவில்லை என்றால் படிப்பதற்குச் சோம்பல். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் திமிர். பார்வையும் செவியும் ஒருசேரக் குறையும் குழந்தைக்கு, அது தன் தவறு என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறோம். நாம் கொடுத்த மற்ற பாடங்களைவிட இதைத்தான் அது நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

5. அபூர்வம், அபூர்வம் என்கிறீர்களே, எந்த ஊர்க் கணக்கு அது?

வுல்ஃப்ராம் 7,70,000 பேரில் ஒருவருக்கு என்ற எண் மேற்சொன்ன பிரிட்டன் ஆய்விலிருந்து வருவது. லெபனானில் எண்ணியபோது 68,000 பேரில் ஒருவர் என்று வந்தது. ஒரே நோய், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். உறவுக்குள் மணம் முடிக்கும் சமூகங்களில் இந்த எண் ஏறுவதற்குக் காரணம் பிளஸ் டூ மரபியலில் இருக்கிறது. இது ஒடுங்கு மரபணு: தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பழுதான பிரதி வந்தால்தான் நோய்.

இங்கே தமிழ்நாட்டைப் பேசாமல் இருக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இங்கு திருமணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சொந்தத்தில் மணமானவர்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள். இனி எளிய கணக்கு. பிரிட்டன் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், பழுதான பிரதி மக்கள் கூட்டத்தில் சுமார் 880இல் ஒன்று. மாமன்-அத்தை பிள்ளைகள் மணந்து பிறக்கும் குழந்தைக்கு, ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பிரதி இரண்டு வழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு 16இல் ஒன்று. தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்கு 8இல் ஒன்று. பெருக்கினால் முதல் வகைத் திருமணத்தில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளில் ஒன்று, இரண்டாம் வகையில் ஏறத்தாழ 7,000இல் ஒன்று. பிழைப் பிரதியின் பரவல் இங்கும் அதே அளவு என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கணக்கு இது. இங்கே அது கூடலாம், குறையலாம். ஆனால் ஏழு லட்சத்தில் ஒன்று என்ற எண்ணை லண்டனிலிருந்து வாங்கி, சித்தி மகனும் பெரியம்மா பேத்தியும் ஒரே பந்தியில் சம்பந்தியாகும் ஊரில் சுவரில் மாட்டுவது சரியாகாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

மைட்டோகாண்ட்ரிய வகைக்குச் சொந்தத் திருமணமே தேவையில்லை. ஜப்பான் முதலிய நாடுகளில் தேடியபோது சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் வரை இந்தப் பிழை உள்ளவர்களாக இருந்தார்கள். இங்கே அதில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், 10.1 கோடியில் ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் ஒரு லட்சம் பேர். ஒரு லட்சம் பேரை அபூர்வம் என்று ஒதுக்கும் துணிச்சல் எண்ணிப் பார்க்காதவர்களுக்குத்தான் வரும்.

6. “பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?”

நிறைய ஆகிறது. எதிர்த்தரப்பின் மிக உறுதியான தூண் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ரோஜர்ஸ் சிண்ட்ரோம் என்று ஒன்று. 1969இல் விவரிக்கப்பட்டது. சர்க்கரை, காதுகேளாமை, பெரிய சிவப்பணுக்களோடு கூடிய ரத்தசோகை. சிலருக்குப் பார்வை நரம்பும் விழித்திரையும் கெடும். எஸ்எல்சி19ஏ2 என்ற மரபணு பழுதாகி, தயமின் எனும் பி1 வைட்டமினைச் செல்லுக்குள் ஏற்றும் வாசல் அடைபட்டுப்போவதே காரணம். சாதாரண மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம் தயமின் போதும். இவர்களுக்கு 25 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுத்தால், வேறு சிறு வழிகளில் போதுமான அளவு உள்ளே நுழைகிறது. ரத்தசோகை சரியாகிறது. இன்சுலின் தேவை குறைகிறது. சில குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் இன்சுலினே வேண்டியிருப்பதில்லை. காது பொதுவாகத் திரும்புவதில்லை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. பெயர் தெரியாத குழந்தைக்கு இரும்புச்சத்து டானிக், ரத்தம் ஏற்றுதல், இன்சுலின் என்று வாழ்நாள் கழியும். ரத்தசோகைக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர். மூன்று ஃபைல்களும் ஒரு மேசையில் சந்திக்காதவரை அந்தச் சில்லறைக் காசு மாத்திரை எழுதப்படாது.

அடுத்து, மெட்ஃபார்மின். உலகிலேயே அதிகம் எழுதப்படும் சர்க்கரை மாத்திரை, நல்ல மாத்திரை. அது செயல்படும் வழிகளில் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவின் சக்திச் சங்கிலியில் முதல் கண்ணியை மட்டுப்படுத்துவது. ஏற்கெனவே அந்தச் சங்கிலி நொண்டும் 3243 பிழையாளருக்கு அதைக் கொடுத்தால் லாக்டிக் அமிலம் தேங்கும் அபாயம் உண்டு என்பதால் அவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே வழக்கம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நடக்க முடியாத எத்தனையோ கிழவிகளுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் மாத்திரை வாசலுக்கே வரும் ஊரில் ‘காது கேட்கிறதா, அம்மாவுக்குக் கேட்டதா’ என்ற கேள்வியும் கூடவே வரலாமே.

இனி வுல்ஃப்ராம். இந்தச் சிதைவை நிறுத்தும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஏதும் இல்லை, ஆய்வுகள் நடக்கின்றன. “பார்த்தீர்களா!” என்று எதிர்த்தரப்பு இந்த இடத்தில் துள்ளும். மூல நோய்க்கு மருந்தில்லை என்பதால் வழியில் வரும் ஆபத்துகளுக்கும் மருந்தில்லை என்று ஆகுமா? டயாபடீஸ் இன்சிபிடஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து வாசோபிரெசின் ஹார்மோன் போதாமல், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் விடுகிறது. இரத்தச் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பையன் இரவில் நான்கைந்து முறை எழுகிறான், குடம் குடமாகக் குடிக்கிறான். பார்ப்பவர் என்ன நினைப்பார்? சுகர் ஏறிவிட்டது. இன்சுலினைக் கூட்டு. தாகம் குறையாது, சர்க்கரைதான் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கும். உண்மையில் அவனுக்கு வேண்டியது டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரை அல்லது மூக்கு ஸ்ப்ரே. சிறுநீர்ப்பைக்கும் இதே கதை: நரம்பு தளர்ந்து சிறுநீர் முழுதும் வடியாமல் தேங்கி, திரும்பத் திரும்பத் தொற்று வந்து, மேலே சிறுநீரகத்தை அழுத்திக் கெடுக்கும். “சுகர்காரனுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் சகஜம்” என்று ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், ஒரு ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டியது டயாலிசிஸ் வாசலில் தெரியவரும்.

பெயர் தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்ற வரிசை தெரியும். மருந்தைவிட இது சில நேரம் பெரிது. பார்வை குறையும், பிறகு செவியும் குறையலாம் என்று பன்னிரண்டு வயதில் தெரிந்தால், காது நன்றாக இருக்கும்போதே பிரெய்லும் திரைவாசிப்பான் மென்பொருளும் கற்றுக்கொள்ளலாம். மைட்டோகாண்ட்ரிய வகையில் காது முழுதும் போனவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறது. கெடுவது பெரும்பாலும் உட்செவிதான், அதற்கு அப்பாலுள்ள நரம்பு ஓரளவு தப்பியிருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையும் செவியும் சேர்ந்து குறைவதைப் பல்வகை மாற்றுத்திறன் வகையில் சேர்த்து அங்கீகரிக்கிறது. முட்டுக்காட்டில் அதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. “சுகர் பேஷண்ட்” என்ற சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போகும் வழி எவருக்கும் தோன்றாது.

பெயர் சிகிச்சையைத் தலைகீழாக மாற்றியதற்குப் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் சர்க்கரை வரும் குழந்தைகள் சிலருக்கு கேசிஎன்ஜே11 மரபணுவே காரணம் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் அப்படிப்பட்ட 49 பேருக்கு இன்சுலினுக்குப் பதில் பழைய சல்ஃபோனைல்யூரியா மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் ஊசியையே நிறுத்திவிட்டார்கள். அதுவரை அவர்களும் “சுகர் பேஷண்ட்”தான்.

7. “தாய்வழி என்று சொன்னால் பெண்ணைத்தான் பழிப்பார்கள்.”

இந்த ஆட்சேபணை கொஞ்சம் வேறு ரகம். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், அவர்கள் பயமும் பொய்யில்லை. மைட்டோகாண்ட்ரியா கருமுட்டை வழியாக மட்டுமே இறங்குகிறது. ஆணுக்கு இந்தப் பிழை இருந்தாலும் அவன் பிள்ளைகளுக்குப் போகாது. பெண்ணுக்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஓர் அளவில் போகும். இதை மாமியார் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் இப்போது மட்டும் அவளை யாரும் பழிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்களா? “பிள்ளைக்கு இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தாள்” என்பதும் அவள் தலையில்தான். “ஒழுங்காக ஊசி போட்டிருந்தால் கண் போயிருக்குமா” என்பதும் அவள் தலையில்தான். உண்மையை ஒளித்து வைத்தால் அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. உண்மை தெரிந்தால் அவளுக்கே பரிசோதனை கிடைக்கும்: அவளுடைய காது, அவளுடைய இதயம், அவளுடைய சிறுநீரகம். தன் அம்மா ஏன் அறுபதில் காது கேட்காமல் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பதற்கும் விடை கிடைக்கும். தங்கைக்குத் திருமணத்துக்கு முன்பே சொல்லலாம். வுல்ஃப்ராம், ரோஜர்ஸ், ஆல்ஸ்ட்ரோம் மூன்றிலும் பழுதான பிரதி அப்பா வழியாகவும் வந்தாக வேண்டும் என்பதை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வது மருத்துவரின் வேலை. எழுதிக் கொடுத்தாலும் நல்லது.

8. செலவு, நேரம்.

எல்லாருக்கும் ஜீன் டெஸ்ட் எடுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. வைக்கோல் பொம்மையை அடித்து வீழ்த்துவது சுலபம். கேட்பது இதுதான்: சர்க்கரை உள்ளவருக்குக் காதும் குறைந்தால், அல்லது சர்க்கரை விழித்திரை நோயின் அடையாளம் இல்லாமலே பார்வை குறைந்தால், அப்போது மட்டும் நின்று பார்க்க வேண்டும். எது முதலில் வந்தது, எந்த வயதில்? அம்மா வழியில் யாருக்குக் காது கேட்காது? அப்பாவும் அம்மாவும் சொந்தமா? சர்க்கரை சரியாக இருக்கும்போதும் தாகம் எடுக்கிறதா? பிறகு ஓர் ஆடியோகிராம், கண்ணின் பின்புறப் படம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, முதல் வகையா என்று தெரிய எதிர்ப்புப் புரதச் சோதனை. இவ்வளவும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் சாத்தியமானவை; எதிர்ப்புப் புரதத்துக்கு மட்டும் மாதிரியை வெளியே அனுப்ப வேண்டியிருக்கலாம். சந்தேகம் வலுத்தால் மட்டுமே மரபணுச் சோதனை. அதற்கும் பாஸ்டனுக்கு ஓட வேண்டியதில்லை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒற்றை மரபணுச் சர்க்கரை வகைகளில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது.

சோதனைக்கு அனுப்புவோர் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்புக்கு இதில் சுலபமாக வெற்றி கிடைத்துவிடும். 3243 பிழை உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் இருக்காது. ஒரே ஆளுக்குத் தசையில் ஓர் அளவு, ரத்தத்தில் ஓர் அளவு. வயது ஏற ஏற ரத்தத்தில் அது குறைந்துகொண்டே போகும். ஐம்பது வயதுக்காரரின் ரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு “இல்லை” என்று அறிக்கை வந்தால், “அப்போதே சொன்னேனே, எல்லாம் சுகரால்தான்” என்று ஃபைலை மூடிவிடுவார்கள். சந்தேகம் நியாயமானதாக இருந்தால் சிறுநீரில் வரும் செல்களையும் சோதிக்க வேண்டும். அங்கே அது நன்றாகத் தெரியும், ஊசிகூடக் குத்த வேண்டியதில்லை.

வுல்ஃப்ராமோ ரோஜர்ஸோ ஒரு குழந்தைக்கு உறுதியானால், அதன் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அக்காவின் ஊசியை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் சர்க்கரை, ரத்த அணுக்கள், செவி, நிறப்பார்வை நான்கையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.